பதினொன்றாவது ராடு

பிரஷர் குக்கர் நான்காவது விசில் அடித்தபோது உத்திராபதி அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று, கதவிடுக்கு வழியாக ஒற்றைக் கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் நாற்பது பக்க நோட்டு. விசில் வந்த நேரத்தை நிமிடம், வினாடியோடு குறித்தார். "முப்பத்தொம்போதாவது நாளு சார். முப்பத்தெட்டு நாளு வெடிக்கல. அதுக்காவ இன்னைக்கி வெடிக்காதுன்னு சொல்ல முடியுமா?" என்று கதவுக்குப் பின்னாலிருந்தபடியே என்னிடம் கேட்டார். நானும் எதற்கு வம்பு என்று கூடத்துப் பக்கம் நாலடி தள்ளி உட்கார்ந்தேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில், மைதானத்துக்குப் பின்பக்கத் தெருவில் மாடி வீடு. அவருக்கு வயது நாற்பத்தாறு. உள்ளே போனால் உட்கார இடம் தேட வேண்டும். நாற்காலியில் மிக்ஸி, கட்டிலில் மேஜை விசிறி, ஜன்னலோரம் வரிசையாக எமர்ஜென்சி விளக்குகள். ஆனால் உத்திராபதி எதையும் விற்பவர் இல்லை. ஒரு பொருளைத் தன் வீட்டில் நாற்பது நாள் வைத்துப் படாதபாடு படுத்தி, அதில் என்னென்ன குறை என்று தன் வலைப்பக்கத்தில் எழுதுவார். எழுதியதற்குக் கீழே, அதே பொருளை ஆன்லைனில் விற்கும் ஒரு பெரிய கம்பெனியின் லிங்க் இருக்கும். படித்தவர் அதைத் தொட்டு உள்ளே போய் வாங்கினால் கம்பெனி இவருக்குச் சின்னதாக ஒரு கமிஷன் தரும். அஃபிலியேட் மார்க்கெட்டிங் என்பது இதுதான். தெருவில் அவ்வளவு நீளமாகச் சொல்ல யாருக்கும் வாய் வராது, லிங்க்கார வீடு என்றால் வழி காட்டிவிடுவார்கள்.

நான் அவரைத் தேடிப் போனது பேராசையால்தான், ஒளிப்பானேன். யூட்யூபில் ஒரு பையன் காருக்குள் உட்கார்ந்துகொண்டு, தூங்கிக்கொண்டே சம்பாதிக்கலாம், இதே தொழில்தான், என்று சத்தியம் செய்தான். தூக்கம் எனக்கு இயல்பாகவே நன்றாக வரும். சரி, நம்மூரிலேயே ஒருவர் இதில் குடும்பம் நடத்துகிறாராமே என்று நோட்டும் பேனாவுமாகப் போனேன். பத்திரிகைக்கு ஒரு கட்டுரை, எனக்கு ஒரு தொழில், ஒரே செலவில் இரண்டு கல்யாணம். தூங்கும்போது பணம் வருமாமே என்று கேட்டேன். "எனக்குத் தூக்கம் போயி ஏழு வருசம் ஆச்சி சார்" என்றார்.

அதற்கு முன்னால் பதினாலு வருடம் சிதம்பரத்தில் ஒரு வீட்டுச் சாமான் கடையில் சேல்ஸ்மேன். தினமும் கடலூரிலிருந்து பஸ். விற்கிற வரைக்கும் முதலாளி கல்லாவில் இருப்பார், பொருள் கெட்டுத் திரும்பி வரும் நாளில் பூஜை அறைக்குள் போய்விடுவார். வாங்கிக் கட்டிக்கொள்வது உத்திராபதி. ஒருநாள் ஒரு அம்மா கிரைண்டரோடு வந்து நின்றார். மகள் கல்யாணத்துக்கு முதல் நாள் மோட்டார் புகைந்துவிட்டது. "திட்டியிருந்தா வாங்கிக்கினு போயிருப்பன் சார். அது ஒண்ணுஞ்சொல்லல. அழுதுச்சி. நீதான நல்லாருக்கும்னு சொன்னன்னு ஒரே வார்த்த. எனக்கு ஒடம்பெல்லாம் ஆடிப்போச்சி." மறுநாளிலிருந்து கடைக்கு வருகிறவர்களிடம் குறையை முதலில் சொல்ல ஆரம்பித்தார். இந்த மிக்ஸி சத்தம் போடும், இந்த இஸ்திரிப் பெட்டி சேலையைப் பிடிக்கும். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் விற்பனை ஏறியது. குறையைச் சொல்கிறவன் மிச்சத்தைப் பொய் சொல்ல மாட்டான் என்று ஜனங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

ஊரே போனில் வாங்க ஆரம்பித்ததும் அந்தக் கடை மூடப்பட்டது. உத்திராபதி அதே பேச்சை எழுத்தாக்கி 'குறை முதலில்' என்று ஒரு வலைப்பக்கம் தொடங்கினார். முதல் வருடம் ஒரு நாளைக்குப் பதினைந்து பேர் படித்தார்கள். அதில் பாதி, அவர் மனைவி சந்திரலேகா கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடையிலிருந்து தொட்டது. மனுஷன் விடவில்லை. இன்று மூன்று மாவட்டத்தில், குக்கர் வாங்குமுன் இவர் என்ன சொல்கிறார் என்று பார்க்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

வெற்றிக்கு என்னதான் வழி என்று நான் துருவித் துருவிக் கேட்டதில் தேறியது கொஞ்சம்தான். எல்லாப் பொருளையும் பற்றி எழுதாதே, அடுப்படியும் கரண்டும் மட்டும் எழுது, மற்றதில் உனக்கு என்ன தெரியும். உன் காசில் வாங்கி உன் வீட்டில் ஓட்டாத பொருளுக்கு லிங்க் போடாதே. நீங்கள் வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடு. போன வருடம் நல்லது என்று சொன்ன பொருளை இந்த வருடம் மறுபடி வாங்கிப் பார். இந்தக் கடைசி விதியை அவர் சொன்னபோது நான் கொட்டாவி விட்டது நினைவிருக்கிறது. "பயம்தான் சார் இதுக்கு மொதலு. அது எங்கிட்ட ஜாஸ்தியா இருக்குது" என்றார். நான் நோட்டை மூடினேன். பயம் என்னிடமும் உண்டு, ஆனால் நாற்பது நாள் குக்கர் முன்னால் நிற்க எனக்கு உடம்பு வணங்காது.

வாசகர்களுக்கு மருந்தாக இருக்கும் இந்தப் பயம் சொந்தக்காரர்களுக்குப் பெரும் தொல்லை. உறவுக்காரர் வீட்டுக்கு விருந்துக்குப் போனால் இலையில் உட்காருமுன் கேஸ் டியூபைத் தடவிப் பார்ப்பார். மச்சான் வீட்டு இன்வெர்ட்டரைப் பார்த்துவிட்டு அந்த அறையில் படுக்க மாட்டேன் என்று வாசலில் படுத்தார். போனில் நலம் விசாரிக்கும்போதே, சார்ஜரைப் பிடுங்கியாச்சா, கேஸை மூடியாச்சா என்பார். குடும்பத்தில் யாரும் இப்போது அதைக் காதில் வாங்குவதில்லை. சந்திரலேகா என்னிடமே சொன்னார், "அது மழ பேஞ்சாலும் பயப்படும், பேயாட்டியும் பயப்படும் சார். நாங்கல்லாம் ஊம்னு சொல்லிட்டு எங்க வேலயப் பாப்பம்."

இன்னொரு சங்கதியும் உண்டு. மூன்று வருடத்துக்கு முன் கம்பெனி இவர் கணக்கை மூடிவிட்டது. காரணம் பாசம். நம்ம பிள்ளைக்கு நாலு காசு வரட்டுமே என்று சொந்தக்காரர்கள் எல்லாம் இவர் லிங்க் வழியாகவே வாங்கினார்கள். புவனகிரிப் பக்கத்தில் இருக்கும் அவர்கள் ஊருக்குள் கொரியர்காரர் வர மாட்டார் என்பதால், ராமாமிர்தம் மாமா தொடங்கி அத்தனை பேரும் மஞ்சக்குப்பம் வீட்டு முகவரியையே கொடுத்தார்கள். ஒரே மாதத்தில் ஒன்பது பார்சல் இவர் வாசலில் இறங்கியது. தன் லிங்க்கில் தானும் வாங்கக் கூடாது, தன் குடும்பமும் வாங்கக் கூடாது என்பது கம்பெனியின் சட்டம். கம்பெனிக்குப் பாசம் தெரியுமா, முகவரிதான் தெரியும். எட்டு மாதம் மனுப் போட்டு, கெஞ்சி, கணக்கைத் திரும்ப வாங்கினார். இன்னொரு முறை நடந்தால் நிரந்தரமாக மூடப்படும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த ஒன்பதில் ஒன்று, பண்ருட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்த அவருடைய ஒரே அக்கா தில்லையம்மாள் அதே முகவரிக்கு வாங்கிய மிக்ஸி. "அக்காவப் போயி மொகத்துக்கு நேரா கத்திட்டன் சார். என் சோத்துல மண்ணப் போட்டுட்டியேன்னு கேட்டுட்டன். சொந்தத்துல ஒருத்தரும் இனிமே என் லிங்கத் தொடக் கூடாதுன்னு எல்லாருக்கும் சொல்லிட்டன். அதுலேருந்து அது எங்கிட்ட ஒரு பொருளப் பத்தியும் கேக்கறதில்ல." இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்காமல் நோட்டின் ஓரத்தை மடித்து மடித்து நீவிக்கொண்டிருந்தார்.

ராடு விஷயத்துக்கு வருகிறேன். பக்கெட்டில் தொங்கவிட்டுத் தண்ணீர் சுடவைப்பார்களே, அந்த ஹீட்டர் ராடு. மூன்று வருடமாக ஒரே ஒரு ராடைத்தான் உத்திராபதி நல்லது என்று எழுதி வந்தார். ஒவ்வொரு ஐப்பசியிலும், குளிர் தொடங்குமுன், அதையே புதிதாக ஒன்று, தன் லிங்க் வழியாக இல்லாமல் நேராக, வாங்கிப் பிரித்துப் பார்ப்பார். இந்த வருடம் ஐப்பசியில் புயல் வருகிறது, வருகிறது என்று அறிவிப்பு மேல் அறிவிப்பு. எல்லோரும் எமர்ஜென்சி விளக்கைப் பற்றியே கேட்டார்கள். அவரும் விளக்குகளோடு மல்லுக்கட்டியதில் ராடு தள்ளிப்போயிற்று. மார்கழி பத்தாம் தேதிதான் அது வந்து சேர்ந்தது. கட்டுரைக்காக அன்று நானும் அங்கே இருந்தேன்.

கம்பெனியின் பக்கத்தில் அதே படம், அதே பெயர், அதே நட்சத்திரங்கள். பெட்டிக்குள் இருந்ததோ வேறு சரக்கு. இடையில் விற்கிறவர் பொருளை மாற்றிவிட்டு, பழைய நல்ல பெயரின் மேலேயே விற்றுக்கொண்டிருந்திருக்கிறார். பிளக்கில் மூன்று முள் இருந்தது. உத்திராபதி திருகாணியைக் கழற்றித் திறந்தார். கரண்ட் கசிந்தால் அதை மண்ணுக்கு இறக்க வேண்டிய எர்த் முள்ளில் வயரே இல்லை. சும்மா அழகுக்கு நிற்கிறது. அதை மறுபடி மூடி, பக்கெட்டில் தண்ணீர் பிடித்து, ராடை மாட்டி, சுவிட்சைப் போட்டுவிட்டு, டெஸ்டரின் நுனியைத் தண்ணீரில் வைத்தார். டெஸ்டருக்குள் இருக்கும் குட்டி விளக்கு எரிந்தது. ராடில் இல்லை, தண்ணீரில். நாங்கள் இருவரும் பின்னால் நகர்ந்தோம்.

அடுத்த இரண்டாவது நிமிடம் லிங்க்கை எடுத்துவிட்டார். பிறகு ரிப்போர்ட்டைத் திறந்தார். ஐப்பசியிலிருந்து அன்று வரை அவர் லிங்க் வழியாகப் பதினொரு ராடு போயிருந்தது. யார் வாங்கியது என்று அதில் இருக்காது. பெயர் கிடையாது, ஊர் கிடையாது. இந்தத் தேதியில் இந்தப் பொருள், கூடவே அதே ஆள் வேறு ஏதாவது வாங்கியிருந்தால் அந்தப் பொருள், அவ்வளவுதான். கம்பெனிக்குப் போன் போட்டார். வாடிக்கையாளர் விவரம் தர இயலாது என்று ஒரு பெண் மிகவும் தன்மையாகச் சொன்னார். ஆபத்து என்று எழுதினால், தங்கள் கருத்துக்கு நன்றி, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று பதில் வந்தது. பதினொரு வீடு. எந்த ஊர், எந்தத் தெரு, அங்கே பக்கெட்டில் கைவைப்பது யார், ஒன்றும் தெரியாது.  

அன்று அவர் தன் பக்கத்தில் எழுதியதைப் பார்த்து எழுதுகிறேன். "நான் சொல்லி நீங்கள் வாங்கிய ராடு ஆளைக் கொல்லும். மெயினை அணைத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, வயரை வெட்டி, வெட்டியதைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். தப்பு என்னுடையது." கடைசி வரியை எடுத்துவிடச் சொல்லிச் சந்திரலேகா மல்லுக்கு நின்றார். "தப்பு என்னுதுன்னு நீயே எழுதிட்டா, இனிமே எவன் ஒன்ன நம்புவான்?" என்றார். "நம்பாட்டிப் போறாங்க. அவுங்க இன்னைக்கி ஒரு நாளு குளிக்காம இருந்தா போதும்" என்றார் உத்திராபதி. இனிமேல் இந்த வீட்டில் ராடு என்ற சொல்லே கேட்கக் கூடாது என்று சந்திரலேகா சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். வலைப்பக்கத்தைப் படிப்பதை அவர் எப்போதோ நிறுத்திவிட்டிருந்தார்.

ஒரு மணி நேரத்தில் முதல் படம் வந்தது. விருத்தாசலத்தில் ஒரு ரிடையர்டு ஹெட்மாஸ்டர், வெட்டிய வயரை வெள்ளைத் தாளின் மேல் வைத்து, தேதி போட்டுக் கையெழுத்தும் இட்டிருந்தார். சீர்காழியில் ஒருவர் கல்யாணத்துக்குப் பரிசு கொடுக்க வாங்கிப் பிரிக்காமல் வைத்திருந்தார். லால்பேட்டையிலிருந்து ஒரு பெண் குரல் செய்தி அனுப்பினார். "அத்தா விடியக்கால ஃபஜ்ர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யத்தான் வாங்குனோம் அண்ணே. குளுருல கை வெரச்சிப் போவுதுன்னாங்க. இன்னைக்கிக் காலையிலயும் போட்டோம். அல்லா காப்பாத்துனான், வெட்டிட்டோம்." உத்திராபதி அதை நாலு தடவை கேட்டார். காப்பாற்றினான் என்பதற்காக அல்ல. இன்றைக்குக் காலையிலும் என்ற இடம் வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆறு நாளில் பத்துப் படம் சேர்ந்தது. பதினொன்றாவது வரவில்லை. ரிப்போர்ட்டில் அந்த வரி எனக்கு இப்போதும் மனப்பாடம்: மார்கழி இரண்டாம் தேதி, ராடு ஒன்று, ரப்பர் கையுறை பன்னிரண்டு ஜோடி. "ஒரு டஜன் கையுறை யாரு சார் வாங்குவாங்க? நர்சம்மாவா இருக்குமா? ஓட்டல்ல பாத்திரம் கழுவுறவுங்களா? பொணம் கழுவுறவுங்களா?" கடலூரில் இருக்கும் கிளினிக்குகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டு, கையுறை வாங்கினீர்களா, கூட ராடு வாங்கினீர்களா என்று கேட்டார். பாதிப் பேர் பைத்தியம் என்று வைத்துவிட்டார்கள். டஜன் கையுறை வாங்கியவர் யாரானாலும் உடனே கூப்பிடுங்கள் என்று பக்கத்திலும் எழுதினார். பதில் இல்லை.

காலையில் டீக்கடைக்குப் போய் அங்கே கிடக்கும் அத்தனை பேப்பரிலும் மாவட்டப் பக்கத்தை மட்டும் புரட்டுவார். மின்சாரம் தாக்கி என்ற இரண்டு சொல்லைத்தான் தேடுவது. ஒரு நாள் குறிஞ்சிப்பாடியில் ஒரு ஆள் இறந்ததாகப் போட்டிருந்தது. உத்திராபதியின் டம்ளர் சாய்ந்து டீ பேப்பர் முழுக்க ஓடியது. நான் வாங்கிப் படித்தேன். கம்பத்தில் ஏறி வயர் கட்டியவர், ராடு இல்லை. ராடு இல்லை என்று நான் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது, உடனே அந்தத் தெளிவுக்காக வெட்கப்பட்டு மறுபடி சுருங்கியது.  இரண்டு டீ சொன்னேன்.

ஏழாம் நாள் காலை எட்டு மணி, டீக்கடையிலிருந்து நாங்கள் வீட்டுக்குத் திரும்பியிருந்தோம். சந்திரலேகா கடைக்குக் கிளம்பிக்கொண்டே, சாப்பாட்டு டப்பாவை மூடியபடி, யாரிடம் என்றில்லாமல் பொதுவாகச் சொன்னார்: "நேத்து ஒங்க அக்கா பேசுச்சி. கையில புண்ணெல்லாம் ஆறிப்போச்சாம். இப்பல்லாம் கையுறை போட்டுக்கினுதான் கொட்ட ஒடைக்கிதாம்."

பண்ருட்டிப் பக்கத்தில் பல வீடுகளில் பெண்கள் முந்திரிக் கொட்டை உடைக்கிறார்கள். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் விரலை அரித்துப் புண்ணாக்கி, கறுப்பாகக் கறை ஏற்றிவிடும். கையுறை அதற்குத்தான். ஒரு ஜோடி ஒரு வாரம்கூடத் தாங்காது. டஜனாகத்தான் வாங்க வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நர்ஸ், ஓட்டல், பிணம் கழுவுகிறவர் என்று ஊரெல்லாம் ஓடிய மனசு, சொந்த அக்கா பக்கம் மட்டும் போகவே இல்லை. என் லிங்க்கைத் தொடாதே என்று அவரே சொல்லியாயிற்று, அதனால் தொட்டிருக்க முடியாது என்று நம்பியிருக்கிறார்.

உத்திராபதி அக்காவைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டார். 

"அக்கா, நீ ஆன்லைன்ல ஹீட்டர் ராடு எதுனா வாங்குனியா?"

ஒரு கணம் கொட்டை உடைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. "நானா? நான் எதுக்குடா வாங்கப்போறன்."

"மெய்யச் சொல்லுக்கா. திட்ட மாட்டன்."

"சத்தியமா வாங்கல தம்பி. ஒன் லிங்க நான் தொடுவனா?"

"யாரு லிங்க்குன்னு நான் கேக்கவே இல்லியேக்கா. ராடு இருந்தா தொடாத. அதுல எர்த்து இல்ல. தண்ணியில கரண்டு எறங்குது. ஆளக் கொன்னுடும்."

அந்தப் பக்கம் சிரிப்பு வந்தது. "நீ எதுக்குத்தான்டா பயப்படல? போன வாரம் மிக்ஸி வெடிக்கும்னு சொன்ன. அதுக்கு மின்ன செல்லு வெடிக்கும்னு சொன்ன. எல்லாம் அது அது பாட்டுக்கு நல்லாத்தான் இருக்குது. போயி வேலயப் பாரு. எனக்கு இன்னும் அரை மூட்ட கெடக்குது." வைத்துவிட்டார். மறுபடி போட்டால் எடுக்கவில்லை. அக்கா வீட்டுக்காரர் பொன்னுரங்கம் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூரில் இருந்தார், அவருக்கு லைன் கிடைக்கவில்லை.

"அக்கா விடியக்காலம் ஒக்காரும் சார். அரை மூட்ட ஒடச்சி முடிக்க மணி பத்தாவும். அப்பறம்தான் குளிக்கும்" என்றபடி உத்திராபதி சட்டையை மாட்டினார். பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். 

பண்ருட்டி பஸ்ஸில் நான் ஜன்னலோரம். அவர் கம்பியைப் பிடித்தபடி நின்றே வந்தார், இடம் இருந்தும். நெல்லிக்குப்பத்தில் கரும்பு ஏற்றிய லாரிகள் வரிசையாக மறித்துக்கொண்டு நின்றன. டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிப் போனார். மணி ஒன்பது ஐந்து. உத்திராபதி போனில் அக்காவுக்கு மறுபடி மறுபடிப் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. "பத்து பேரு சார். ஊரு பேரு தெரியாதவுங்க பத்து பேரு நான் சொன்னத நம்பி வயர வெட்டுனாங்க" என்றார்.  பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "என் அக்கா சிரிக்குது சார். ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் பயந்து பயந்து நான்தான அத சிரிக்க வச்சன்."  நான் அவர் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

பண்ருட்டியில் இறங்கி ஷேர் ஆட்டோ. காடாம்புலியூர் ரோட்டில் உள்ளே தள்ளி ஒரு கிராமம். ஆட்டோ நிற்குமுன்னே உத்திராபதி குதித்தார். மணி பத்தாக ஏழு நிமிடம் இருந்தது. முன்வாசலில் சாக்கு விரித்தபடி கிடந்தது, உடைத்த ஓடுகள் குவிந்திருந்தன, ரப்பர் கையுறை ஒரு ஜோடி கொடியில் தொங்கியது. ஆள் இல்லை. அடுப்படி ஜன்னல் வழியாக ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் கொல்லைப் பக்கம் போயிற்று. மழை ஈரத்தில் தரையோடு கிடந்த அந்த வயரை நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார்.

அவர் கொல்லைக்குப் போகவில்லை. நேராக அடுப்படிக்குள் பாய்ந்து, வயரின் மறுமுனையைச் சுவரிலிருந்து பிடுங்கினார். அப்புறம்தான் கொல்லைக்கு ஓடினார். பின்னாலேயே நான்.

கீற்று மறைப்புக்குள் பக்கெட்டில் ஆவி பறந்துகொண்டிருந்தது. ராடு அதில் தொங்கிக்கொண்டிருந்தது. தில்லையம்மாள் தோளில் துண்டோடு, சேற்றுக்காகப் போட்டிருந்த மரப் பலகையின் மேல் நின்று, சூடு பார்க்க வலது கையைப் பக்கெட்டுக்குள் விட்டிருந்தார். தம்பியைப் பார்த்ததும் கையைச் சட்டென்று வெளியே எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். திருட்டுத்தனம் பிடிபட்ட முகம்.

"வெறகெல்லாம் மழயில நனஞ்சி போச்சிடா" என்றார். "பக்கத்து வூட்டுக் கயல்விழி செல்லுலதான் போட்டன். அது வேல பாக்கற கடைக்குத்தான் பார்சலு வந்துச்சி. என் பேரும் போடல, ஒன் வூட்டு அட்ரசும் போடல. எப்பிடியும் வாங்கத்தான் போறோம், ஒன் லிங்குல வாங்குனா ஒனக்கு ஒரு டீச் செலவுக்காவது ஆவுமேன்னு."

உத்திராபதிக்கு மூச்சு இன்னும் அடங்கவில்லை. "தண்ணிய தொடும்போது எதுனா இருந்துச்சாக்கா?" என்று கேட்டார். "இத்தன நாளும்?"

"சுருக்கு சுருக்குன்னுதான் இருக்கும். கொட்ட எண்ண பட்ட கையாச்சே, புண்ணு ஆறுனாலும் எரியத்தான் எரியும்னு இருந்தன். பலகைய வுட்டு எறங்குனா கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கும்."

நான் அந்தப் பலகையைப் பார்த்தேன். இரண்டு சாண் அகலம். ஒரு ஓரம் உளுத்துப் போயிருந்தது. 

தில்லையம்மாள் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ராடு அவருக்கு மறந்துவிட்டது. வேறொரு பயம் அவர் கண்ணில் ஏறிவிட்டது.

"தம்பி, நான் வாங்குனது தெரிஞ்சா ஒன் கணக்க மறுபடியும் மூடிடுவாங்களா?"

 உத்திராபதி அக்காவின் முதுகுக்குப் பின்னாலிருந்து அந்த ஈரக் கையை இழுத்தார். கறையாக இருக்கிறது விடுடா என்று தில்லையம்மாள் கூசி உருவப் பார்த்தார். அவர் விடவில்லை. மறைப்பை விட்டு வெயிலுக்கு அழைத்து வந்து, உள்ளங்கையை நிமிர்த்தி, மடங்கியிருந்த விரல்களைக் கட்டைவிரலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, குனிந்து பார்க்க ஆரம்பித்தார். ஐந்தும் முடிந்ததும் இடது கையையும் கேட்டுத் தன் கையை நீட்டினார்.